கல்லூரி மாணவர் பசியும் அரசு நிதியும்: அமெரிக்க அனுபவம்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் படிப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் போதிய உணவுக்கு உறுதியில்லாமல் படிக்கிறார். அந்நாட்டுக் கல்வித் துறை 2020-ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டு கணக்கிட்ட அளவு இது. இதே தரவை ஆராய்ந்த நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த 23 விழுக்காட்டினரை 38 லட்சம் மாணவர்கள் என்று மதிப்பிட்டது. அவர்களில் 22 லட்சம் பேர் கடுமையான நிலையில் இருந்தனர். பணம் இல்லாததால் அவர்கள் பலமுறை அளவு குறைத்து உண்டனர், அல்லது ஒரு வேளை உணவையே விட்டனர். உணவு உதவிக்கும் கல்வி உதவிக்கும் ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி டாலர் செலவிடும் நாட்டில் இந்த நிலை நீடிக்கிறது. அந்தப் பணம் எந்த வழிகளில் செல்கிறது, மாணவரை எட்டாமல் எங்கே தடைப்படுகிறது, தடையை நீக்க இதுவரை செய்யப்பட்ட முயற்சிகள் என்ன பலன் தந்தன என்பவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

அளவிடும் முறை

உணவுப் பாதுகாப்பின்மை என்பது பட்டினியை மட்டும் குறிப்பதன்று. அமெரிக்க வேளாண் துறை இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: உயர்ந்த பாதுகாப்பு, விளிம்புநிலைப் பாதுகாப்பு, குறைந்த பாதுகாப்பு, மிகக் குறைந்த பாதுகாப்பு. கடைசி இரண்டு படிகளில் உள்ளவர்களே உணவுப் பாதுகாப்பற்றவர்களாகக் கருதப்படுகின்றனர். வாங்கிய உணவு தீர்ந்து மறுபடி வாங்கப் பணமில்லாமல் போனதா, சத்தான உணவு வாங்க முடியாமல் இருந்ததா, பணமின்றி உணவு வேளையைத் தவிர்க்க நேர்ந்ததா என்பன போன்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டு ஒருவரின் படி தீர்மானிக்கப்படுகிறது.

இந்த அளவுகோல் வீடுகளுக்காக உருவாக்கப்பட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் தேசியக் கணக்கெடுப்பில் பெற்றோர் வீட்டின் உறுப்பினராகவே எண்ணப்படுகிறார். வீட்டில் இருப்பவர் தரும் விடையில் தொலைவில் இருக்கும் மாணவரின் வறுமை பதிவாவதில்லை. இதனால் நெடுங்காலம் இச்சிக்கல் தேசியப் புள்ளிவிவரத்தில் தென்படவே இல்லை. ஜி.ஏ.ஓ. 2018-இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றுள் 22 ஆய்வுகள் 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட அளவைக் காட்டின. ஆயினும் நாடு முழுவதையும் பிரதிநிதிப்படுத்தும் ஆய்வு அவற்றில் ஒன்றுகூட இல்லை. தாமாக முன்வந்து விடையளித்தவர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள் உண்மை அளவை மிகைப்படுத்தியிருக்கலாம் என்ற ஐயமும் இருந்தது. கல்வித் துறை தன் மாணவர் உதவி ஆய்வில் உணவு பற்றிய கேள்விகளைச் சேர்த்த பிறகே 23 விழுக்காடு என்ற நம்பத்தக்க எண் கிடைத்தது. ஆய்வு முறையைக் குறைகூறியோரும் மறுக்க முடியாத அளவுக்கு அந்த எண் பெரியதாகவே இருந்தது.

பாதிக்கப்படுவோர், காரணங்கள்

பெற்றோர் செலவில் விடுதியில் தங்கி முழுநேரம் படிக்கும் பதினெட்டு வயது இளைஞர் என்பது கல்லூரி மாணவரைப் பற்றிய பழைய உருவகம். இன்றைய மாணவரில் பெரும்பகுதியினர் அப்படி இல்லை. தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்வோர், குழந்தை வளர்ப்போர், வேலை செய்தபடி படிப்போர், சில ஆண்டுகள் உழைத்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தோர் எனப் பலர் உள்ளனர். குறைந்த வருமானக் குடும்பத்தினர், குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வர முயல்வோர், குழந்தையைத் தனியே வளர்ப்போர், அரசுக் காப்பகங்களில் வளர்ந்தோர் ஆகியோரிடம் உணவுப் பாதுகாப்பின்மை கூடுதலாக உள்ளது. வரலாற்று வழியில் கறுப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட கல்லூரிகளில் இந்த அளவு பத்தில் நான்கை நெருங்குகிறது.

காரணங்களில் முதன்மையானது வாழ்க்கைச் செலவு. கல்லூரிச் செலவு என்றதும் கல்விக் கட்டணமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஈராண்டுப் படிப்புத் தரும் சமுதாயக் கல்லூரியிலோ ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில்தான் உள்ளது. வாடகை, உணவு, பயணம், புத்தகம் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு 20,000 டாலரை ஒட்டி வருகிறது. எனவே கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்தாலும் சுமையின் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. வாடகையையும் கட்டணத்தையும் தள்ளிப்போட்டால் உடனே நடவடிக்கை வரும். உணவைத் தள்ளிப்போட்டால் கேட்பார் யாரும் இல்லை. அதனால் மாணவர் முதலில் குறைப்பது உணவுச் செலவையே.

பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடும் உதவியும் ஒரு காரணம். 1946-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வழியாக ஏறத்தாழ மூன்று கோடிச் சிறுவர்கள் உணவு பெறுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவச மதிய உணவு பெற்ற ஏழை மாணவர் கல்லூரியில் சேர்ந்தவுடன் அந்த உரிமையை இழக்கிறார். குடும்பத்தின் வருமானம் அப்படியே இருக்க, உணவு மட்டும் நின்றுபோகிறது. கல்லூரிக்கென அதற்கு இணையான தேசியத் திட்டம் எதுவும் இல்லை.

ஸ்னாப் திட்டமும் 1980-ஆம் ஆண்டு விதியும்

உணவுக்காக அமெரிக்க அரசு செலவிடும் பணத்தின் பெரும்பகுதி ஸ்னாப் என்னும் துணை ஊட்டச்சத்து உதவித் திட்டம் வழியாகச் செல்கிறது. முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்று அழைக்கப்பட்ட இத்திட்டம் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. மாதந்தோறும் ஒரு மின்னணு அட்டையில் பணம் ஏற்றப்படும். அதைக் கொண்டு கடைகளில் உணவுப் பொருள் வாங்கலாம். 2024 நிதியாண்டில் இதற்கான செலவு 10,000 கோடி டாலர் அளவில் இருந்தது. நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பயன்பெற்றனர். தனியாக வாழ்பவருக்கு 2025 நிதியாண்டில் மாதம் அதிகபட்சம் 292 டாலர் கிடைத்தது. ஒரு மாணவரின் மாத உணவுச் செலவுக்கு இது பெருந்துணை.

ஆயினும் மாணவருக்கு இத்திட்டத்தின் கதவு எளிதில் திறப்பதில்லை. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் காலத்தில் மட்டும் வருமானமற்றவர்களாகத் தோன்றி உதவி பெறுகின்றனர் என்ற குற்றச்சாட்டு 1970-களில் எழுந்தது. அதன் விளைவாக 1980-இல் சட்டம் திருத்தப்பட்டது. 18 முதல் 49 வயது வரையுள்ள, உடல் தகுதியுள்ள ஒருவர் உயர்கல்வியில் அரைநேரமோ அதற்கு மேலோ படித்தால், அவர் எவ்வளவு வறியவராக இருந்தாலும் பொதுவாக ஸ்னாப் பெற முடியாது. சில விலக்குகளில் ஒன்றேனும் பொருந்தினால்தான் அவர் விண்ணப்பம் கருத்தில் கொள்ளப்படும். வாரம் 20 மணி நேரம் ஊதிய வேலை செய்தல், அரசு நிதியில் நடக்கும் வொர்க் ஸ்டடி வேலையில் இருத்தல், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பராமரித்தல், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தனியே வளர்த்தபடி முழுநேரம் படித்தல், வறிய குடும்பங்களுக்கான பண உதவி பெறுதல், குறிப்பிட்ட வேலைப் பயிற்சித் திட்டத்தின் வழியாகக் கல்லூரியில் சேர்ந்திருத்தல் ஆகியவை முக்கியமான விலக்குகள்.

இந்த விதி தன் நோக்கத்துக்கே எதிராக வேலை செய்கிறது. பெற்றோர் வருமானத்தைச் சார்ந்த இளைஞரை விலக்க வந்த விதி, பெற்றோர் துணையே இல்லாத முப்பது வயது மாணவரையும் விலக்குகிறது. உதவி வேண்டுமென்றால் வாரம் 20 மணி நேரம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு படிப்புக்கான நேரத்தைத் தின்கிறது. பாடங்களைக் குறைத்து அரைநேரத்துக்கும் கீழே இறங்கினால் மாணவர் விதி பொருந்தாது. ஆனால் அப்படி இறங்கினால் பட்டம் தள்ளிப்போகிறது, கல்வி உதவித்தொகையும் குறைகிறது. அதே வயதில், அதே வருமானத்தில் இருக்கும் இருவரில் படிக்கச் செல்பவருக்கு மட்டும் இந்தக் கூடுதல் தடை. வறுமையிலிருந்து மீளக் கல்வியே வழி என்று அறிவுறுத்தும் அரசு, அந்த வழியில் நடப்பவரின் உணவைத் தடுப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

விதிக்கு உட்பட்டுத் தகுதி பெற்றோரும் உதவியைப் பெறுவதில்லை. 2016-ஆம் ஆண்டுத் தரவின்படி தகுதி பெற்றிருக்கக்கூடிய 33 லட்சம் மாணவரில் 57 விழுக்காட்டினர் உதவி பெற்றதாகத் தெரிவிக்கவில்லை. 2024 அறிக்கை இன்னும் ஆழமாக ஆராய்ந்தது. உணவுப் பாதுகாப்பற்ற மாணவரில் ஐந்தில் இருவருக்கும் குறைவானோரே ஸ்னாப் தகுதி பெறக்கூடியவர்களாக இருந்தனர். அந்தச் சிலரிலும் 59 விழுக்காட்டினர் உதவி பெறவில்லை. விதிகளின் சிக்கலைக் கல்லூரி அலுவலர்களே முழுதாக அறிந்திருப்பதில்லை. உள்ளூர் நல அலுவலகங்களில் ஒருவர் தகுதி உண்டு என்றும் மற்றொருவர் இல்லை என்றும் சொல்வதுண்டு. தனக்கு உதவி கேட்க உரிமை உண்டா என்பதே பல மாணவருக்குத் தெரியாது. கூச்சமும் பலரைத் தடுக்கிறது.

வேறு சில நடைமுறைத் தடைகளும் உள்ளன. ஸ்னாப் அட்டையில் சூடான ஆயத்த உணவை வாங்க முடியாது. சமையலறை இல்லாத விடுதியில் தங்கும் மாணவருக்கு இது பெருங்குறை. கல்லூரி உணவுக் கூடத் திட்டத்தில் தம் உணவில் பாதிக்கு மேல் பெறுவோர் தகுதி இழக்கின்றனர். மாணவர் விசாவில் வந்துள்ள வெளிநாட்டவருக்கு ஸ்னாப் அறவே இல்லை. 2023–24 கல்வியாண்டில் இந்தியாவிலிருந்து மட்டும் 3.31 லட்சம் மாணவர் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கிச் சென்று படிப்போரும் இதில் அடக்கம். பண நெருக்கடி வந்தால் அவர்களுக்கு வளாக உணவு வங்கியைத் தவிர வேறு துணை அரிது.

பெருந்தொற்றுக் காலத்துச் சோதனை

கொரோனா பெருந்தொற்று இரண்டு பெரிய சோதனைகளுக்கு வழிவகுத்தது. முதலாவது, ஸ்னாப் விதியின் தற்காலிகத் தளர்வு. 2020 டிசம்பரில் நிறைவேறிய ஒதுக்கீட்டுச் சட்டம் இரண்டு புதிய விலக்குகளைச் சேர்த்தது. வொர்க் ஸ்டடிக்குத் தகுதி இருந்தாலே போதும், வேலை கிடைத்திருக்கத் தேவையில்லை என்பது ஒன்று. கல்வி உதவிக் கணக்கீட்டில் குடும்பம் தரவேண்டிய பங்கு சுழியம் என்று வந்த மாணவர் தகுதி பெறுவார் என்பது மற்றொன்று. கல்வித் துறை ஏற்கெனவே வறியவர் என்று உறுதிசெய்த மாணவரை உணவுத் திட்டமும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்ற எளிய கருத்து அப்போதுதான் சட்டமானது. 2023-இல் பொதுச் சுகாதார அவசரநிலை முடிந்ததும் இந்தத் தளர்வுகளும் முடிவுக்கு வந்தன.

இரண்டாவது, மாணவருக்கு நேரடி அவசரப் பண உதவி. 2020, 2021 ஆண்டுகளில் நிறைவேறிய மூன்று சட்டங்கள் உயர்கல்வி அவசர நிவாரண நிதியாக மொத்தம் 7,600 கோடி டாலர் அளவுக்கு ஒதுக்கின. முதல் சட்டத்தின்படி கல்லூரிகள் தமக்குக் கிடைத்த பங்கில் குறைந்தது பாதியை மாணவருக்குப் பணமாகவே தர வேண்டியிருந்தது. உணவு, வீடு, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவை அந்தப் பணத்தின் நோக்கங்களாகக் குறிக்கப்பட்டன. மாணவரின் வயிற்றுப்பாட்டைக் கல்விச் செலவின் பகுதியாக நடுவண் அரசு இவ்வளவு பெரிய அளவில் ஏற்றது இதுவே முதல் முறை. நிதி தீர்ந்தபோது அந்த வழியும் அடைபட்டது.

கல்வி உதவித்தொகையின் பங்கு

வறிய மாணவருக்கான பெல் உதவித்தொகை 1972-இல் தொடங்கியது. இளநிலை மாணவரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைப் பெறுகிறார். திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத இந்தத் தொகை கட்டணம் போக மிஞ்சினால் உணவுக்கும் வாடகைக்கும் பயன்படும். ஆனால் விலைவாசியோடு அது வளரவில்லை. 1970-களின் நடுவில் நான்காண்டு அரசுக் கல்லூரியில் படித்துத் தங்கும் செலவில் முக்கால் பங்குக்கு மேல் ஈடுகட்டிய அதிகபட்சத் தொகை, இன்று மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈடுகட்டுவதில்லை. 2023–24 கல்வியாண்டிலிருந்து அது 7,395 டாலரிலேயே நிற்கிறது.

மாணவர் உணவு உள்ளிட்ட அடிப்படைத் தேவைகளுக்கென்றே கல்வித் துறை 2021 முதல் ஒரு தனி மானியத் திட்டத்தையும் நடத்தியது. தொடக்கத்தில் அதற்குக் கிடைத்தது 50 லட்சம் டாலர். அந்தத் தொகை சில கல்லூரிகளுக்கு மட்டுமே சென்றது. முன்மாதிரிகளை உருவாக்க அது உதவியதே தவிர, 38 லட்சம் மாணவரின் தேவையை எட்டக்கூடிய அளவில் இருக்கவில்லை.

மாநிலங்களின் முயற்சி

நடுவண் அரசு தயங்கிய இடத்தில் மாநிலங்கள் முன்வந்தன. கலிபோர்னியா 2017-இல் பசியற்ற வளாகம் என்ற பெயரில் 75 லட்சம் டாலர் ஒதுக்கி, தன் மூன்று அரசு உயர்கல்வி அமைப்புகளுக்கும் சமமாகப் பிரித்தளித்தது. இக்கருத்தின் பின்னே மாணவர்களின் முயற்சி இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2010-இல் தொடங்கிய ஸ்வைப் அவுட் ஹங்கர் அமைப்பு, உணவுக் கூட அட்டையில் மிஞ்சும் உணவு வேளைகளைத் தேவைப்படும் மாணவருக்கு மாற்றித் தரும் முறையைப் பரப்பியது. பின்னர் பிற மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்களுக்காக அது பாடுபட்டது. நியூ ஜெர்சி, மின்னசோட்டா ஆகியவை 2019-இலும், மேரிலாந்து 2021-இலும் சட்டம் இயற்றின. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நியூயார்க் 2018-இல் தன் அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள் அனைத்திலும் உணவு வங்கியோ, கூச்சமின்றி உணவு பெறும் வேறு வழியோ இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது.

இச்சட்டங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. மானியம் பெற விரும்பும் கல்லூரி மாணவரையும் சேர்த்து ஒரு பணிக்குழு அமைக்க வேண்டும். ஸ்னாப் விண்ணப்பத்துக்கு உதவ ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும். உணவு வங்கி நடத்த வேண்டும். உணவு வேளைகளைப் பகிரும் முறையை ஏற்படுத்த வேண்டும். மாணவரிடம் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். ஒதுக்கப்படும் பணம் மாநிலம் முழுவதற்கும் 10 லட்சம் டாலர் என்ற அளவிலேயே பலமுறை நின்றுவிடுகிறது. பல வளாகங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலரின் ஊதியத்துக்குக்கூட அது தாங்காது.

கலிபோர்னியா அடுத்த படிக்கும் சென்றது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம், சமுதாயக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் 2022 ஜூலைக்குள் அடிப்படைத் தேவைகள் மையம் ஒன்றை அமைத்து, அதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இதற்காக ஆண்டுதோறும் 3 கோடி டாலர் தொடர் நிதியும் ஒதுக்கப்பட்டது. உணவு, வீடு, மனநல உதவி, அரசுத் திட்டங்களில் பதிவு ஆகியவை ஒரே இடத்தில் கிடைப்பதால், உணவு கேட்டு வரும் மாணவரின் மற்ற நெருக்கடிகளையும் அங்கேயே கவனிக்க முடிகிறது. ஓராண்டு மானியமாக இல்லாமல் தொடர் நிதியாக வந்ததால் அனுபவமுள்ள பணியாளரைத் தக்கவைக்கவும் முடிந்தது.

மாநிலங்கள் கையாண்ட மற்றொரு வழிக்குச் செலவு குறைவு, பலன் மிகுதி. மாணவரின் வேலைத்திறனை வளர்க்கும் படிப்புகளை வேலைப் பயிற்சிக்கு இணையானவை என்று அறிவிக்க மாநிலங்களுக்கு இடமுண்டு. கலிபோர்னியாவும் மாசசூசெட்ஸும் இந்த இடத்தைப் பயன்படுத்தித் தம் கல்லூரிகளின் பல படிப்புகளை அவ்வகையில் சேர்த்தன. அப்படிப்பில் உள்ள வறிய மாணவர் 20 மணி நேர வேலை இல்லாமலே ஸ்னாப் பெறலாம். அந்த உதவித்தொகை நடுவண் அரசின் பணம் என்பதால் மாநிலத்துக்குச் சுமை குறைவு.

வளாக உணவு வங்கிகள்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் மாணவர்களே நடத்தும் உணவு வங்கி தொடங்கியது. இன்று நாடெங்கும் பல நூறு வளாகங்களில் இவை உள்ளன. நன்கொடையாலும் தன்னார்வலராலும் நடக்கும் இவற்றுக்கு மாநில மானியமும் சேர்கிறது. கேள்வி கேட்காமல், ஆவணம் பார்க்காமல், அன்றே உணவு தருவது இவற்றின் பெருஞ்சிறப்பு. ஸ்னாப் தகுதி இல்லாதோருக்கு இவையே கடைசிப் புகலிடம். ஆனால் பலவற்றில் வாரத்தில் சில மணி நேரமே கதவு திறந்திருக்கும். இருப்பில் காய்கறி, பால், இறைச்சி குறைவு. மாத உணவு முழுவதையும் இவற்றால் தர இயலாது. உணவு வங்கி திறந்ததோடு சிக்கல் தீர்ந்தது என்று கல்லூரியும் அரசும் ஓய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஆய்வுகள் காட்டுவது

பசிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு நன்கு நிறுவப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட குடும்பங்களின் தரவை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, கல்லூரிக் காலத்தில் உணவுப் பாதுகாப்பின்றி இருந்தவர் பட்டம் பெறும் வாய்ப்பு மற்றவரைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. படிப்பை இடையில் விடும் மாணவருக்குக் கடன் மிஞ்சுகிறது, பட்டம் மிஞ்சுவதில்லை. அவருக்காக அரசு ஏற்கெனவே செலவிட்ட பெல் உதவியும் மாநில மானியமும் பயனற்றுப் போகின்றன.

எந்த வகை உதவி படிப்பை உயர்த்துகிறது என்பதில் சான்றுகள் இன்னும் குறைவு. ஹூஸ்டன் சமுதாயக் கல்லூரியில் உணவு வங்கியோடு இணைந்து நடந்த திட்டத்தில், தகுதி பெற்றோரில் பலர் உணவைப் பெற வரவே இல்லை. மதிப்பெண்ணிலும் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. பாஸ்டனின் பங்க்கர் ஹில் சமுதாயக் கல்லூரியில் உணவுக் கூடத்தில் பயன்படுத்தும் பணச் சீட்டு வழங்கப்பட்டபோது நம்பிக்கை தரும் பலன்கள் தென்பட்டன. உணவு எந்த இடத்தில், எந்த வடிவில், எவ்வளவு சிரமத்தோடு கிடைக்கிறது என்பது அதன் பயனைத் தீர்மானிக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏசாப் திட்டம் இன்னொரு சான்று. கட்டணம், பயண அட்டை, பாடநூல், நெருக்கமான வழிகாட்டல் ஆகியவற்றைச் சேர்த்துத் தந்த அத்திட்டத்தில் மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் 40 விழுக்காடு. திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவில் 22 விழுக்காடு. அது உணவுத் திட்டம் அன்று. எனினும் பல தேவைகளை ஒருசேர நிறைவேற்றினால் கிடைக்கும் பலனை அது தெளிவாக உணர்த்துகிறது.

எதிர்வாதங்களும் இன்றைய நிலையும்

மாணவர் விதியை நீக்கினால் வசதியுள்ளோர் பயன்பெறுவர் என்பது பழைய வாதம். பெருந்தொற்றுக் காலத்து விலக்கு இதற்கு விடை தருகிறது. கல்வி உதவி விண்ணப்பத்திலேயே குடும்ப வருமானம் சரிபார்க்கப்படுவதால், வறிய மாணவரை மட்டும் பிரித்தெடுக்க அரசிடம் கருவி இருக்கிறது. செலவு கூடும் என்பது மற்றொரு வாதம். அது உண்மையே. ஆனால் படிப்பை முடித்தவர் கூடுதலாக ஈட்டி, கூடுதல் வரி செலுத்தி, உதவித் திட்டங்களைக் குறைவாக நாடுகிறார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விதியைத் தளர்த்தும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிலையான சட்டமாகவில்லை.

2025-இல் காற்று எதிர்த்திசையில் வீசியது. ஜூலையில் கையெழுத்தான வரி, செலவுச் சட்டம் ஸ்னாப்பின் பொதுவான வேலை நிபந்தனையை 64 வயது வரை நீட்டித்தது. 14 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதை விரித்தது. நிர்வாகச் செலவில் மாநிலப் பங்கு 2027 நிதியாண்டு முதல் பாதியிலிருந்து முக்கால் பங்காக உயர்கிறது. 2028 முதல், தவறான வழங்கல் மிகுந்த மாநிலங்கள் உதவித்தொகையிலும் ஒரு பங்கை ஏற்க வேண்டும். விலக்குகளைச் சரிபார்ப்பது சிக்கலான மாணவர் விண்ணப்பங்களை மாநிலங்கள் கூடுதல் தயக்கத்தோடு அணுக இது தூண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் வேளாண் துறை வீடுகளின் உணவுப் பாதுகாப்பு பற்றிய ஆண்டறிக்கையை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. அளவிடுவது நின்றால் திட்டங்களின் பலனை மதிப்பிடும் வழியும் குறுகும்.

இதுவரையிலான அனுபவத்திலிருந்து சில முடிவுகள் உறுதியாகப் பெறப்படுகின்றன. வளாக உணவு வங்கிக்குத் தரும் சிறு மானியம் அவசரத் தேவையைத் தீர்க்கும். தொடர்ந்த பசியைத் தீர்க்காது. அதைத் தீர்க்கும் அளவு பணம் ஸ்னாப், பெல் ஆகிய இரண்டு பெருந்திட்டங்களில்தான் உள்ளது. ஆகவே மிகுந்த பலன் தரும் நடவடிக்கை 1980-ஆம் ஆண்டு விதியை நீக்குவதே. அது இயலாத வரை, கல்வி உதவிக்குத் தகுதி பெற்ற வறிய மாணவரை உணவு உதவிக்கும் தகுதியுடையவராக ஏற்கும் விலக்கை நிலையாக்க வேண்டும். கல்வி உதவி விண்ணப்பத் தரவைக் கொண்டு தகுதியுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் நேரடியாகத் தகவல் அனுப்பவும், விண்ணப்பிக்கத் துணைசெய்யும் அலுவலரைத் தொடர் நிதியில் ஒவ்வொரு வளாகத்திலும் அமர்த்தவும் வேண்டும். பெல் உதவித்தொகை வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து உயர வேண்டும். தகுதி வரம்புக்கு வெளியே நிற்கும் வெளிநாட்டு மாணவர் போன்றோருக்கு வளாக உணவு வங்கியும் அவசர மானியமும் தொடர்ந்து தேவை. கல்லூரியின் கதவை வறியவருக்குத் திறந்துவிட்ட அரசு, அவர் படித்து முடிக்கும்வரை உண்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.